தீர்ப்புக்குப் பின் பதினான்கு நாட்கள்



கற்பிட்டிக் குடாநாட்டின் கடற்கரைக் கிராமங்களில் ஒன்று கண்டக்குழி. கரைவலை இழுப்பதும், கருவாடு போடுவதும், கிடுகு பின்னுவதும் அங்குள்ள பெண்களுக்குப் பழகிய வாழ்க்கை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வள்ளங்களில் வந்திறங்கிய முஸ்லிம் குடும்பங்களில் பல, இந்தக் குடாநாட்டில்தான் கிடுகுக் கொட்டில் போட்டுத் தங்கின. அன்று தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கரையேறிய சிறுமிகள் இன்று பேரப்பிள்ளை கண்ட பெண்களாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அவரை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

சிறுசேமிப்புக் குழுவின் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகும் அந்த அக்கா பாயை விட்டு எழும்பவில்லை. கணவன் இல்லை. ஒரே மகன் கரைவலைக்குப் போய்த்தான் அடுப்பு எரிந்தது.

"மிஸ், மகனுக்குத் தீர்ப்பு வந்திட்டு. ரெண்டு வருசம். நட்டஈடும் கட்டச் சொல்லியிருக்கு."

பாடு யாருக்கு என்ற தகராறில் தொடங்கிய விடயம் அது. ஓர் இரவு கரையில் இருந்த வாடியொன்று எரிந்தது. உள்ளே இருந்த வலை, கயிறு, எண்ணெய்க் கலன் எல்லாம் சாம்பலாகின. மகன் கைதாகி, வழக்கு இரண்டு வருடங்கள் இழுபட்டு, நீதவான் நீதிமன்றம் அவனைக் குற்றவாளி எனக் கண்டது.

"எப்போது தீர்ப்பு?" என்று கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ணினார். பதினொரு நாட்கள் கழிந்திருந்தன.

"மேன்முறையீடு செய்யவில்லையா?"

"கோட்டை எதிர்த்து நாங்க என்னண்டு கதைக்கிறது? நீதவானுக்குக் கோவம் வந்தா இன்னும் கூட்டிப் போடுவாரு எண்டு ஊர்ல சொன்னாங்க. வெசாக்குக்கு மன்னிப்புக் குடுப்பாங்களாம், அதுவரைக்கும் பொறுத்திரு எண்டும் சொன்னாங்க."

அன்று நான் அவருக்குச் சொன்னவற்றையும், பின்னர் நான் தேடி அறிந்தவற்றையும் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன். தந்தையோ கணவனோ மகனோ சிறைக்குப் போகும்போது நீதிமன்றப் படி ஏறுபவள் பெண்தான். யுத்தம் நடந்த காலத்திலும் அப்படித்தான் இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

மேன்முறையீடு என்பது என்ன?

அது இரக்கம் கேட்பதல்ல. நீதவானை எதிர்த்துச் சண்டை பிடிப்பதுமல்ல. ஒரு நீதிமன்றம் சொன்னதை அதற்கு மேலுள்ள நீதிமன்றம் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று கேட்கும் உரிமையே மேன்முறையீடு. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், குற்றவாளியாகக் காணப்பட்ட ஒவ்வொருவருக்கும் தீர்ப்பையும் தண்டனையையும் எதிர்த்து மேல் நீதிமன்றமொன்றுக்குச் செல்லும் உரிமை உண்டு என்று சொல்கிறது. வெசாக் மன்னிப்பு வேறு விடயம். மன்னிப்பு கிடைத்தால் சிறைக்கதவு திறக்கும். ஆனால் 'இவன் செய்தான்' என்ற தீர்ப்பு அப்படியே இருக்கும்.

மேன்முறையீட்டில் இரண்டு கேள்விகள் உண்டு. அவர் இந்தக் குற்றத்தைச் செய்தார் என்பது சந்தேகமின்றி நிரூபிக்கப்பட்டதா என்பது முதலாவது. செய்திருந்தாலும் இந்தத் தண்டனை பொருத்தமானதா என்பது இரண்டாவது. முதற் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தாலும் இரண்டாவது கேள்வி செத்துப் போவதில்லை.

இதை விளக்கிக் கொண்டிருந்தபோது அந்த அக்கா குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார். "மிஸ், அவன் செஞ்சிருந்தா?"

தாய் ஒருத்தி இப்படிக் கேட்பது இலகுவல்ல. அவருக்குப் பதில் சொல்வதற்கு நான் தமிழ்நாட்டின் ஒரு வழக்கைச் சொல்ல வேண்டியிருந்தது.

தர்மபுரியில் எரிந்த பேருந்து

2000ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் திகதி, கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்குச் சென்னை நீதிமன்றம் ஒரு வருடச் சிறைத்தண்டனை விதித்தது. செய்தி பரவியதும் அவருடைய அ.தி.மு.க. கட்சியினர் பல இடங்களில் வீதி மறியலில் இறங்கினார்கள். தர்மபுரிக்கு அருகே இலக்கியம்பட்டியில், கல்விச் சுற்றுலா முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவியரின் பேருந்துக்குத் தீ வைக்கப்பட்டது. மூன்று மாணவிகள் உள்ளேயே எரிந்து இறந்தார்கள். பலர் காயமடைந்தார்கள்.

வழக்கு முதலில் கிருஷ்ணகிரியில் நடந்தது. சாட்சிகள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். வழக்கு கரைந்து போகிறது என்பதைக் கண்ட ஒரு மாணவியின் தந்தை சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். அதன் பயனாக வழக்கு சேலத்துக்கு மாற்றப்பட்டு, விசாரணை முதலிலிருந்து தொடங்கியது. மேலுள்ள நீதிமன்றத்தின் கதவைத் தட்டும் உரிமை குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு மட்டும் உரியதல்ல என்பதை இங்கு கவனியுங்கள்.

2007 பெப்ரவரியில் சேலம் நீதிமன்றம் மூவருக்கு மரண தண்டனையும் வேறு 25 பேருக்குச் சிறைத்தண்டனையும் விதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மரண தண்டனையை உறுதி செய்தது. 2010 ஓகஸ்டில் டில்லி உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. (நமது நாட்டில் 'உயர் நீதிமன்றம்' என்றால் எல்லாவற்றுக்கும் மேலான நீதிமன்றம். இந்தியாவில் அதை 'உச்ச நீதிமன்றம்' என்பார்கள். பெயரில் குழம்ப வேண்டாம்.)

இதோடு எல்லாம் முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் அந்த மூவரும் மறுஆய்வு கேட்டிருந்தார்கள். மரண தண்டனை தொடர்பான மறுஆய்வு மனுக்களை மூன்று நீதிபதிகள் திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. அதன்பின் இந்த வழக்கு மீண்டும் கேட்கப்பட்டு, 2016 மார்ச்சில் மூவரின் மரண தண்டனையும் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. அவர்கள் குற்றவாளிகள் என்ற தீர்ப்பு மாறவில்லை. மாணவியர்மீது அவர்களுக்கு முன்பகை இருக்கவில்லை, கொலை செய்யத் திட்டமிட்டு வரவில்லை, கூட்ட வெறியில் செய்தார்கள் என்பதே தண்டனைக் குறைப்புக்கான காரணம். 2018 நவம்பரில் தமிழக அரசு அவர்களை விடுதலை செய்தது.

மகள்மாரை இழந்த பெற்றோருக்கு அந்த விடுதலைச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதே நேரத்தில், மூன்று பேரைத் தூக்கில் போட்ட பிறகு மறுஆய்வு செய்ய முடியாது என்பதும் உண்மை. செய்தவனுக்கும் தண்டனை அளவோடுதான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அக்காவின் கேள்விக்கு இதுவே என் பதில்.

இந்த வழக்கில் என்னை மிகவும் வருத்தும் விடயம் ஒன்றுண்டு. எந்தத் தீர்ப்புக்காகப் பேருந்து எரிந்ததோ, அந்தத் தீர்ப்புக்கு எதிராக ஜெயலலிதா மேன்முறையீடு செய்தார். 2001 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கோபித்தவர்கள் தீப்பெட்டியை எடுத்தார்கள். அவர்களுடைய தலைவியோ மனுவை எழுதி வென்றார். பேருந்தில் இருந்த மூன்று பிள்ளைகள்தான் திரும்பி வரவில்லை.

இங்கிலாந்தில் ஒரு பெண்

தீ வைத்த பெண்ணொருத்தியின் மேன்முறையீடும் உலகப் புகழ் பெற்றது. கிரண்ஜித் அலுவாலியா பஞ்சாபிலிருந்து திருமணமாகி இங்கிலாந்து சென்றவர். பத்து வருடங்கள் கணவனின் அடி உதையையும் வன்கொடுமையையும் தாங்கினார். 1989இல் ஓர் இரவு தூங்கிக்கொண்டிருந்த கணவன்மீது எரிபொருளை ஊற்றித் தீ வைத்தார். கணவன் சில நாட்களில் இறந்தார். கொலைக்குற்றத்துக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவருக்கு நேர்ந்த கொடுமைகளும், அவற்றால் அவருடைய மனம் அடைந்த நிலையும் முதல் விசாரணையில் சரியாக முன்வைக்கப்படவில்லை.

சவுத்ஹோல் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற பெண்கள் அமைப்பு அவருக்காக நின்றது. 1992இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கொலைத் தீர்ப்பை இரத்துச் செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், கொலையாகாத மரணத்தை விளைவித்தல் என்ற குற்றத்தை அவர் ஏற்றுக்கொண்டார். அதுவரை சிறையில் கழித்த காலமே தண்டனையாகக் கொள்ளப்பட்டு வீடு திரும்பினார். அவர் செய்ததை நியாயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. முதல் நீதிமன்றத்தில் சொல்லாமல் விடப்பட்ட உண்மை, மேன்முறையீட்டில் ஓர் உயிரின் தலைவிதியை மாற்றும் என்பதற்காகவே சொல்கிறேன். வெட்கத்தினாலும் பயத்தினாலும் நாம் சட்டத்தரணியிடம் மறைப்பவை எத்தனை!

நமது நாட்டில் என்ன செய்ய வேண்டும்?

தீ வைத்துச் சேதம் விளைவித்தல் தண்டனைச் சட்டக்கோவையின் 418, 419ஆம் பிரிவுகளின் கீழ் குற்றமாகும். மேன்முறையீட்டு முறையை 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை விபரிக்கிறது. பின்வருவனவற்றை மனதில் வைத்திருங்கள்.

முதலாவது, நாள். தீர்ப்பு வாசிக்கப்பட்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள் மேன்முறையீடு கொடுக்கப்பட வேண்டும். ஞாயிறும் போயாவும் இடையில் வந்தால் அவையும் எண்ணப்படும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள்.

இரண்டாவது, இடம். நீதவான் நீதிமன்றத்தின் தீர்ப்பானால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு போகும். மேல் நீதிமன்றம் விசாரித்த வழக்கானால் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும். ஆனால் மனுவைத் தீர்ப்பளித்த நீதிமன்றத்திலேயே கொடுக்கிறோம். அதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை.

மூன்றாவது, சிறையில் இருப்பவர். சட்டத்தரணி இல்லை, காசு இல்லை என்று மேன்முறையீட்டைக் கைவிட வேண்டாம். சிறையில் இருப்பவர் தனது விருப்பத்தையும் காரணங்களையும் அந்த 14 நாட்களுக்குள் சிறைச்சாலை அதிகாரியிடம் சொல்லலாம். அதை நீதிமன்றத்துக்கு அனுப்பி வைப்பது அதிகாரியின் கடமை. பார்வையிடப் போகும்போது நீங்கள் அவரிடம் சொல்ல வேண்டிய முதல் செய்தி இதுதான்.

நான்காவது, உதவி. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் சட்டத்தரணியைத் தருகிறது. தேசிய அடையாள அட்டை, வருமானம் பற்றிய கிராம உத்தியோகத்தரின் கடிதம், வழக்கு இலக்கம் ஆகியவற்றைக் கொண்டு போங்கள்.

ஐந்தாவது, மொழி. நம் பெண்கள் பலருக்கு வழக்குப் பத்திரங்கள் சிங்களத்தில் கிடைக்கின்றன. விளங்காத தாளைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறோம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, நீதிமன்றத்தில் நடப்பதைத் தமிழில் விளங்கிக்கொள்ள மொழிபெயர்ப்புக் கேட்கும் உரிமையைத் தருகிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

ஆறாவது, பிணை. மேன்முறையீடு நிலுவையில் இருக்கும்போது பிணை கேட்கலாம். நீதவான் நீதிமன்றத் தீர்ப்புகளில் இது ஓரளவு இலகு. மேல் நீதிமன்றத் தீர்ப்பானால் விசேட காரணம் காட்ட வேண்டியிருக்கும்.

என்ன காரணங்களைச் சொல்லலாம்? தீ வழக்குகளில் பெரும்பாலும் யாரும் நேரில் கண்டிருப்பதில்லை. இருட்டில் கண்டதாகச் சொல்பவர் எவ்வளவு தூரத்தில் நின்றார், வெளிச்சம் இருந்ததா, முகத்தைக் கண்டாரா முதுகைக் கண்டாரா என்பவை பெரிய கேள்விகள். தீ தானாகப் பிடித்திருக்க முடியாது என்பது நிரூபிக்கப்பட்டதா? முன்பகையை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்கியிருக்கிறார்களா? சாதாரண வழக்கொன்றில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சான்றாக ஏற்க முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழோ, உயர்தர பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் ஏற்கப்பட்டது. அதனால் நம் பிள்ளைகள் எத்தனை பேர் எத்தனை வருடங்களை இழந்தார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவருக்கு மேன்முறையீட்டு வழி மிகவும் குறுகியது. 'ஒத்துக்கொள், சின்னத் தண்டனையோடு போகலாம்' என்று யாராவது சொன்னால் சட்டத்தரணியைக் கேட்காமல் தலையாட்ட வேண்டாம். அடுத்து, மேன்முறையீட்டில் தண்டனையைக் குறைக்க முடிவது போலக் கூட்டவும் மேல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஊரார் சொன்னதில் அவ்வளவு உண்மை இருந்தது. ஆனால் அது நீதவானின் கோபத்தினால் நடப்பதல்ல.

14 நாட்கள் தவறிவிட்டால்? மீளாய்வு மனு என்ற வழி உண்டு. அதற்கு விசேட காரணம் வேண்டும். தாமதத்துக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். பெரிய கதவு மூடிய பின் யன்னலால் நுழைவது போன்றது அது.

நமக்கு வலித்த மேன்முறையீடு

இதையெல்லாம் சொல்லும்போது ஒரு கேள்வி உங்கள் மனதில் எழும். நமக்குத் தீங்கு செய்தவர்களும் இதே வழியால்தானே தப்பினார்கள்?

உண்மைதான். 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமைக் கூட்டமொன்று சூழ்ந்து தாக்கித் தீ வைத்தது. அரசின் பாதுகாப்பில் இருந்த இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். 41 பேர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2003 ஜூலையில் மூன்று நீதிபதிகள் கொண்ட மன்று ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. அவர்கள் மேன்முறையீடு செய்தார்கள். 2005 மே மாதமளவில் ஐவருமே விடுதலையாகியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் தாய்மாருக்கு ஒருவர்கூடக் குற்றவாளி என்று மிஞ்சவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததற்கோ மேன்முறையீடு செய்வதற்குக்கூட ஒரு தீர்ப்பு இருக்கவில்லை.

இந்த வலியை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் பிந்துனுவெவவில் மேன்முறையீடு என்ற உரிமை இருந்தது பிழையல்ல. ஒழுங்காகப் புலனாய்வு செய்து, அசைக்க முடியாத சான்றுகளை முன்வைக்க வேண்டியவர்கள் அதைச் செய்திருந்தால் தீர்ப்பு மேலேயும் நின்றிருக்கும். இந்தக் கதவை மூடினால் முதலில் வெளியே நிற்கப்போவது காசும் மொழியும் இல்லாத நம்மைப் போன்றவர்களே.

மீண்டும் கண்டக்குழியில்

பதினொராம் நாள் நானும் அந்த அக்காவும் கதைத்தோம். மறுநாள் அவர் முதல் பஸ்ஸில் சிறைச்சாலைக்குப் போய் மகனிடம் விடயத்தைச் சொன்னார். பதின்மூன்றாம் நாள் அவனுடைய மேன்முறையீடு சிறை அதிகாரி மூலம் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னர் சட்ட உதவிச் சட்டத்தரணி ஒருவர் கிடைத்தார். மகன் இப்போது பிணையில் வீட்டில் இருக்கிறான். மேன்முறையீடு இன்னும் விசாரணையில் உள்ளது. முடிவு எப்படி வரும் என்று யாரும் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

இன்னுமொன்றையும் சொல்ல வேண்டும். எரிந்த வாடிக்குச் சொந்தக்காரரின் மனைவியும் அதே சேமிப்புக் குழுவில் இருக்கிறார். அடகு வைத்த நகையை மீட்காமலே வலையை இழந்தவர் அவர். அடுத்த கூட்டத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மிஸ், நீங்க அவங்களுக்கு வழி சொன்னீங்க. எங்கட வலைக்கு யார் வழி சொல்றது?"

அந்தக் கேள்விக்கு முன் நான் தலைகுனிந்தேன். முதலிலேயே அவரிடமும் போயிருக்க வேண்டும். பாதிக்கப்பட்டோருக்கென 2015இல் சட்டமொன்று வந்து, 2023இல் அதற்குப் பதிலாக 10ஆம் இலக்கப் புதிய சட்டம் கொண்டுவரப்பட்டது. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அறிவதும், நட்டஈடு கேட்பதும் பாதிக்கப்பட்டவரின் உரிமைகள். அவருக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். எந்தப் பக்கத்துக்கும் நான் நீதிபதி அல்ல.

இப்போதும் இருவரும் ஒரே பாயின் இரண்டு அந்தத்தில்தான் அமர்கிறார்கள். இன்னும் கதைப்பதில்லை. ஆனால் சந்தாப் புத்தகம் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போகிறது.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் இப்படியொரு நாள் வரவே கூடாது. வந்தால் அழுவதற்கு முன், தீர்ப்பு வந்த திகதியை ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே பதினான்காம் நாளின் திகதியையும் எழுதி, அரிசிப் பானைக்கு மேலே, கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள். உங்கள் அயலில் ஒருத்திக்கு இந்தக் கதி வந்திருந்தால், இந்தப் பக்கத்தை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.